சிங்கப்பூர் பெர்மிட் வந்துவிட்டது என்கிறார்கள், மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமுங்களா?

ஊதியூரான் · திங்கள் இரவு 9.40

வணக்கமுங்க. ஊர் காங்கேயம் பக்கம். வயது 29. ஐ.டி.ஐ. வெல்டர் முடித்துவிட்டு ஏழு வருஷமாக அரிசி ஆலைக்கு இயந்திரம் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். எலிவேட்டர், சல்லடை, உமி போகிற பைப் எல்லாம் நம் கை வேலைதான். சம்பளம் 19,000.

போன தை மாதம் சிங்கப்பூருக்கு ஸ்கில் டெஸ்ட் அடித்துப் பாஸ் ஆகிவிட்டேன். அத்தை வீட்டு வழியில் ஒரு மாமா ஆள் அனுப்புகிறார். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, “பெர்மிட் வந்தாச்சு மாப்ளே, 1,400 டாலர் சம்பளம், மூணரை ரெடி பண்ணு” என்றார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம்தான் அனுப்பினார். என் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான்.

வீட்டில் ஒரு ஜோடி காளை நிற்கிறது. கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்கிறார் அப்பா. மீதிக்கு வீட்டுக்காரம்மா நகையை வைக்க வேண்டும். இது நிஜப் பெர்மிட்தானா, இந்தக் காசு நியாயம்தானா, போய் வந்தவர்கள் சொல்லுங்க. மாமாவிடமே கேட்டால் உறவில் சங்கடம் வரும்.

தறிச்சத்தம் · திங்கள் இரவு 10.25

தம்பி, நான் சென்னிமலை. சிங்கப்பூரில் 11 வருஷம் இருந்துவிட்டு வந்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்க.

உங்கள் மாமா அனுப்பியது பெர்மிட் இல்லை. அதை ஐ.பி.ஏ. என்பார்கள். கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லும் கடிதம். அதைக் காட்டி விமானம் ஏறி உள்ளே போகலாம். போய் இறங்கி, மெடிக்கல் முடித்து, கைரேகை வைத்த பிறகுதான் பெர்மிட் அட்டை.

இதற்கு விண்ணப்பித்தது நீங்களும் இல்லை, மாமாவும் இல்லை. அங்கே இருக்கிற முதலாளி அந்த நாட்டு மனிதவள அமைச்சிடம் போட்டு வாங்கியது. தொழிலாளி தானாகப் போய் வாங்கவே முடியாது. முதலாளிக்கு ஆகும் கட்டணம் விண்ணப்பத்துக்கு 35 டாலர், பெர்மிட் வழங்க 35 டாலர். இது போக உங்கள் தலைக்கு 5,000 டாலருக்கு அரசாங்கத்திடம் பிணை கொடுக்கிறார். கட்டுமானம் என்றால் மாதாமாதம் அரசாங்கத்துக்கு லெவி என்ற வரி வேறு, ஆளின் திறன் தகுதியைப் பொறுத்து 500 அல்லது 900 டாலர். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுக்கிறேன் என்று முதலாளி தொழிலாளியிடம் கை நீட்டினால் 30,000 டாலர் வரை அபராதம், 2 வருஷம் வரை சிறை. அப்படியிருக்க, இந்த மூன்றரையில் பெர்மிட்டுக்கு எவ்வளவு, மற்றது எதற்கு என்று யாராவது கணக்குச் சொன்னார்களா?

இன்னொன்று. அந்தக் கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்காது. நம் ஆட்களுக்குத் தமிழிலும் பிரதி உண்டு, அதை நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் உங்களிடம் சேர்க்க வேண்டியது முதலாளி கடமை. அதைக் கேளுங்க. சம்பளம், பிடித்தம், என்ன வேலை எல்லாம் அதில் இருக்கும். மாமாவிடம் நேராகக் கேட்கச் சங்கடமென்றால் “அப்பா தமிழில் படித்துப் பார்க்க வேண்டுமாம்” என்று சொல்லுங்க. அப்பா பேரைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

வெள்ளகோவில் மாப்பிள்ளை · செவ்வாய் காலை 7.05

சட்டமெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பெரியப்பா பையன் 2019இல் மூன்று லட்சம் கொடுத்துப் போனான். இன்றைக்கு ஊரில் அவனுக்கு மாடி வீடு. காசு வாங்காமல் எந்த ஏஜெண்ட் ஆள் எடுக்கிறான், ஒருத்தனைக் காட்டுங்க. பட்டறையில் 19,000 வாங்கிக்கொண்டு ஐ.பி.ஏ., லெவி என்று பேசிக்கொண்டிருந்தால் தம்பிக்கு வயசுதான் போகும். மாட்டை விற்றுவிட்டுப் போகட்டும். மாடு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறரை இஞ்சு · செவ்வாய் காலை 8.30

மாப்பிள்ளைங்க சொல்வதைக் கேட்டுக் கிளம்பியவன் நான் என்பதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்செங்கோடு. போர் போடும் ரிக் வண்டியில் பிறந்து வளர்ந்தவன் என்றே சொல்லலாம். நம் ஊர் வண்டி போகாத மாநிலம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். வண்டி ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறும் என்பது சில பேருக்குத்தான் தெரியும். ஒரு கம்பெனி என்னையும் இன்னும் எட்டுப் பையன்களையும் அப்படி ஒரு நாட்டுக்குக் கூட்டிப் போனது. பிசினஸ் விசா. “மூணே மாசத்துல வொர்க் பெர்மிட் போட்டுருவோம்” என்றார்கள். மூன்று ஆறாகி, ஆறு ஒன்பதானது. கேட்டால் ஆபீசில் பைல் ஓடுகிறது என்பார்கள். பைல் நின்றுகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் 280 அடியில் ராடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். கம்ப்ரசர் சத்தத்தில் ஜீப் வந்தது காதில் விழவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது, திரும்பினால் குடியேற்ற அதிகாரி. பாஸ்போர்ட் எங்கே என்றார். ஆபீசில் என்றோம். பெர்மிட் எங்கே என்றார். அதற்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் சேற்றோடு அப்படியே ஏற்றிக்கொண்டு போய் மூன்று ராத்திரி உள்ளே வைத்தார்கள். அபராதம் கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். கடைசி நான்கு மாதச் சம்பளம் இன்றைக்கும் வரவில்லை. பெர்மிட் இல்லாமல் வேலை செய்தவனுக்குச் சம்பளம் கேட்டுப் போய் நிற்க அந்த ஊரில் ஒரு வாசற்படி கிடையாது, அதுதான் விஷயம்.

பாதிக் குழியில் நின்ற அந்த போர் என்ன ஆனதோ. தோட்டத்துக்காரர் பாவம், நல்ல மனுஷன், எங்களுக்கு மக்காச்சோளம் சுட்டுக் கொடுப்பார்.

தறிச்சத்தம் · செவ்வாய் காலை 9.15

வெள்ளகோவில்காரரே, உங்கள் பெரியப்பா பையன் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் காசு கொடுத்துப் போனவன்தான். 2008இல் ஒன்றரை லட்சம், அதுவும் வட்டிக்கு. முதல் 14 மாதச் சம்பாத்தியம் அதற்கே சரியாகப் போனது. மகள் பிறந்த செய்தி வந்தபோது ஒரு போன் கார்டு வாங்கவே யோசித்தேன்.

ஏஜெண்டே கூடாது என்றும் சொல்லவில்லை. நம் நாட்டில் 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் அதன்படி பதிவு வாங்கியிருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகமொத்தம் 35,400. ரசீது கொடுக்க வேண்டும். பதிவு பெற்றவர்கள் பட்டியல் நம் அரசாங்கத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது, மாமா பேரையோ அவர் சொல்லும் நிறுவனத்தின் பேரையோ தேடிப் பாருங்க. “நான் அவருக்கு சப் ஏஜெண்ட்” என்று சொல்வதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. நம் ஊர்ப் பக்கம் முக்கால்வாசி சப்தான்.

ஈரோட்டுப் பையன் · செவ்வாய் மாலை 4.50

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பி.காம். முடித்திருக்கிறேன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000, டிக்கெட் அவர்களே போடுகிறார்களாம். இந்தியர்களுக்கு அங்கே விசாவே தேவையில்லை, அதனால் பெர்மிட் செலவும் இல்லை என்கிறார்கள். டெலிகிராமில் இன்டர்வியூகூட முடிந்துவிட்டது. டைப்பிங் வேகம் மட்டும் கேட்டார்கள்.

ஓவர்லாக் · செவ்வாய் மாலை 5.10

சாமி, போகாதீங்க. விசா இல்லாமல் போகலாம் என்பது ஊர் சுற்றிப் பார்க்க. வேலை பார்க்க பெர்மிட் வேண்டும், அதை முதலாளி எடுத்துத் தர வேண்டும். இப்படி டேட்டா என்ட்ரி என்று பாங்காக்கில் இறங்கியவர்களைக் காரில் எல்லையில் இருக்கிற மே சோட் வரைக்கும் கொண்டுபோய், ஆற்றைத் தாண்டி மியான்மரில் மியாவடி பக்கம் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் அங்கிருந்து மீட்டு வந்தவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. எல்லோரும் படித்தவர்கள். டிக்கெட்டும் அவன் போட்டு, 80,000 சம்பளமும் கொடுக்க, உங்கள் டைப்பிங்கில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்களே யோசியுங்க.

ஈரோட்டுப் பையன் · செவ்வாய் மாலை 5.32

சரிங்க. நம்பரை பிளாக் செய்துவிட்டேன்.

ஓவர்லாக் · செவ்வாய் மாலை 6.00

நல்லது. வந்ததுதான் வந்தேன், என் பங்குக்கும் சொல்கிறேன். நான் அனுப்பர்பாளையம், பனியன் கம்பெனி டெய்லர். ஜோர்டானில் நான்கு வருஷம் தைத்தேன். அமெரிக்காவுக்குத் துணி போகிற பெரிய பெரிய ஃபேக்டரிகள் இர்பித் ஊர்ப் பக்கம் இருக்கின்றன, நம்ம ஆட்களும் இருப்பார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதனால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று இருந்தது. பத்தாவது பாஸ் ஆனவர்களுக்கு அது வராது. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான் என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். எட்டாவது படித்ததற்கு இது ஒரு தண்டனையா என்று அப்போது கடுப்பாக இருந்தது. ஆனால் அனுமதிக்குப் போட்டபோது சம்பளம், வேலை நேரம், சாப்பாடு எல்லாம் எழுதிய ஒப்பந்தம் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. இன்சூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான், 10 லட்சத்துக்குக் காப்பீடு. எங்கள் லைனில் ஒரு பீகார் பையன் இறந்தபோது அவன் வீட்டுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

துபாய்க்கு விசிட் விசாவில் போய், அங்கே வேலை தேடி மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்புகிறார்களே, அவர்களுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

கம்பங்கூழ் · செவ்வாய் இரவு 9.15

கனடாவுக்கு எல்.எம்.ஐ.ஏ. 12 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று கோவையில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

தறிச்சத்தம் · செவ்வாய் இரவு 9.40

அது விற்கிற பொருள் இல்லீங்க. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று கனடா முதலாளி அந்த அரசிடம் வாங்கும் சீட்டு அது. ஒரு வேலைக்கு 1,000 கனடா டாலர் கட்டணம், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திருப்பி வாங்கக் கூடாது. 12 லட்சத்துக்கு வேறு ஏதாவது செய்யுங்க. பால்மாடு வாங்கினாலும் தினமும் பால் கறக்கும்.

ஊதியூரான் · புதன் இரவு 8.20

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே அப்பா பேரைச் சொல்லிக் கேட்டேன். மாமா இரண்டு நாள் இழுத்துவிட்டு இன்றைக்குத் தமிழ்ப் பக்கத்தை அனுப்பினார். சாயங்காலம் கட்டுத்தரையில் உட்கார்ந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அடிப்படை மாதச் சம்பளம் 650 டாலர். படி என்ற இடத்தில் பூஜ்யம். சாப்பாட்டுக்குப் பிடித்தம் 120. வேலை என்ற இடத்தில் வெல்டர் இல்லை, கட்டுமானத் தொழிலாளி. அப்பா, “ஆயிரத்து நானூறு எந்த வரியிலடா இருக்குது?” என்றார். நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அப்படி ஒரு வரியே இல்லை.

மாமாவைக் கேட்டதற்கு, “அது பேப்பருக்கு மாப்ளே, ஓ.டி. சேர்த்தா 1,400 அசால்ட்டா வரும்” என்கிறார். அமைச்சு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், கடிதம் நிஜம்தான்.

தறிச்சத்தம் · புதன் இரவு 9.05

கடிதம் நிஜம் என்பதுதான் இதில் தொந்தரவே. போலி என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இது உண்மையான பெர்மிட், பக்கத்தில் வாயால் சொன்ன ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓ.டி. கணக்கை நானே போடுகிறேன். வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. 650ஐ 12ஆல் பெருக்கினால் 7,800. வருஷத்துக்கு 52 வாரம், மணிக்கணக்கில் 2,288. வகுத்தால் மணிக்கு 3 டாலர் 41 காசு. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 5 டாலர் 11 காசு. சட்டப்படி ஒரு மாதத்தில் ஓ.டி. 72 மணி நேரம்தான். ஒரு மணிகூட விடாமல் செய்தாலும் 368 டாலர். எல்லாம் சேர்த்து 1,018. சாப்பாட்டுப் பிடித்தம் போனால் 898. மாமா சொன்னதற்கு 500 குறைகிறது.

டாலர் 65 ரூபாய் என்றே வைப்போம். கைச்செலவு போக மாதம் 500 டாலர் வீட்டுக்கு அனுப்பினால் 32,500. மூன்றரை லட்சத்தை அடைக்க வட்டி இல்லாமலே 11 மாதம். பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருஷம்தான், அதில் பாதி மாமாவுக்கு உழைப்பதாகிவிடும். வேறு கம்பெனிக்குத் தாவலாமே என்றால் அதுவும் நினைத்தபடி முடியாது, பெர்மிட் அந்த முதலாளி பேரோடு கட்டிப்போட்டது.

வெள்ளகோவில் மாப்பிள்ளை · புதன் இரவு 9.30

ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தால் அதற்கு இரட்டைச் சம்பளம் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

தறிச்சத்தம் · புதன் இரவு 9.42

உண்மைதான், கூடும். நான்கு ஞாயிறும் போனால் இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் வேலை இருந்தால்தானே ஞாயிறு கூப்பிடுவார்கள். கடன் வாங்கியவன் உறுதியாக வருவதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 1,400 தருவதாக இருந்தால் அந்தத் தொகையைக் கடிதத்தில் எழுதுவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? கடிதத்தில் எழுதியதைக் கொடுக்காவிட்டால் அங்கே போய்ப் புகார் செய்யலாம். மாமா வாட்ஸப்பில் சொன்னதைக் கொண்டுபோய் எந்த அமைச்சில் காட்டுவீர்கள்?

ஆறரை இஞ்சு · புதன் இரவு 10.00

தம்பி, முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்குங்க. மற்றதெல்லாம் அப்புறம். அது இல்லாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஊதியூரான் · சனி இரவு 7.45

இந்த மூன்று நாளில் நடந்ததைச் சொல்கிறேன்.

இ-மைக்ரேட்டில் தேடினேன். மாமா பேர் இல்லை. அவர் விசிட்டிங் கார்டில் போட்டிருந்த சென்னை நிறுவனத்தின் பேர் இருந்தது, பதிவு எண்ணும் நடப்பில் இருந்தது. நேராக அங்கேயே போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார். கட்டணம் எவ்வளவுங்க என்றேன். 30,000, வரியோடு 35,400, ரசீது உண்டு என்றார். மூன்றரை லட்சம் கேட்கிறார்களே என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “உங்களை அனுப்புனது யாருங்க?” என்றார். சொல்லவில்லை. சொந்தக்காரராகிவிட்டாரே.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் மாமா வீட்டுக்குப் போனோம். அத்தை காபி போட்டுக் கொடுத்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார். “பாஸ்போர்ட்டக் குடுங்க, நோம்பி முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.” மாமா உள்ளே போய் பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுப் பாஸ்போர்ட், இருபதாவது இருக்கும். நடுவிலிருந்து என்னுடையதை உருவிக் கொடுத்துவிட்டு, பைல் செலவு என்று 4,000 கேட்டார். அப்பா எண்ணி வைத்தார். எனக்குக் கோபம்தான், ஆனால் அத்தை முகத்தைப் பார்த்துக் கம்மென்று இருந்துவிட்டேன்.

வண்டியில் திரும்பும்போது அந்த ரப்பர் பேண்ட் கட்டுதான் கண்ணிலேயே நின்றது. மீதிப் பேர் யார் யாரோ.

தறிச்சத்தம் · சனி இரவு 8.10

4,000 போனால் போகிறது. பாஸ்போர்ட் வந்தது பெரிய விஷயம். வேலையை என்ன செய்தீர்கள்?

ஊதியூரான் · சனி இரவு 8.30

650க்கு வரவில்லை என்று சென்னைக்காரர்களிடமே சொல்லிவிட்டேன் அண்ணா. டெஸ்ட் சர்டிபிகேட் இருப்பதால் வேறு கம்பெனி வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அடிப்படை 900 என்று கடிதத்தில் எழுதி, வெல்டர் என்று போட்டு வந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பட்டறை முதலாளியிடம் நின்றுவிடப் போகிறேன் என்று முன்பே வாய் விட்டிருந்தேன். இன்றைக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளகோவிலுக்கு ஒரு எலிவேட்டர் போக வேண்டும், திங்கட்கிழமை சீக்கிரம் வா என்றார்.

அடுத்த மாதம் மாமா வீட்டில் காது குத்து. அழைப்பு இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு அது ஒன்றுதான் குறை.

வெள்ளகோவில் மாப்பிள்ளை · சனி இரவு 8.55

அழைப்பு வரும் தம்பி, வராமல் எங்கே போகும். எலிவேட்டர் எங்கள் ஊருக்கு வந்தால் வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்க. பெரியப்பா பையனிடம் நேற்றுப் பேசினேன். அவன் கடிதத்தில் அடிப்படை எவ்வளவு என்று கேட்டதற்கு, “நான் அதப் படிச்சதே இல்லைடா” என்கிறான்.

ஆறரை இஞ்சு · சனி இரவு 9.20

காளை ரெண்டும்?

ஊதியூரான் · சனி இரவு 9.24

கட்டுத்தரையில்தான் நிற்குதுங்க. இப்போதுதான் தண்ணி காட்டிவிட்டு வந்தேன்.